லவ் பேர்ட்ஸ் நகம் திரைச்சீலையில் சிக்குகிறது: வீட்டிலேயே வெட்டலாமா?

மாடித்திண்ணை (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. ஆண் நீல நிறம், பெயர் நீலன், மூன்று வயது முடிந்துவிட்டது. பெண் மஞ்சள், பெயர் மஞ்சு. மாலையில் ஒரு மணி நேரம் கூண்டைத் திறந்துவிடுவோம். முந்தாநாள் ஜன்னல் திரையில் போய் உட்கார்ந்த நீலன், பறக்க எழுந்தபோது நகம் நூலில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிவிட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். அவன் போட்ட கூச்சலில் ஓடிவந்து நூலைக் கத்தரித்து எடுத்தேன். கால் ஒடியவில்லை, நல்ல காலம். அப்போதுதான் நகங்களைக் கவனித்தேன். ஒவ்வொன்றும் கருக்கரிவாள் மாதிரி வளைந்து கிடக்கிறது.

வாங்கிய கடையில் கேட்டேன். "நெயில் கட்டரில் நறுக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தினை நிறுக்கப் போய்விட்டார். நம் நகத்தையே கொஞ்சம் ஆழமாக வெட்டினால் இரண்டு நாள் வலிக்கிறது. இவனுடைய நகமோ கறுப்பு, உள்ளே எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் "எனக்குக் கை நடுங்கும்" என்று முதலிலேயே ஒதுங்கிக்கொண்டார். பக்கத்துத் தெரு மருத்துவர் மாடும் நாயும் மட்டும்தான் பார்ப்பாராம். செய்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தினைக்கதிர்

வால் நீளமா, குட்டையா? நம் ஊர்க் கடைகளில் பட்ஜி (பட்ஜெரிகர்) என்ற சின்னக் கிளியைத்தான் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்கள். வால் குட்டையாக, உடம்பு பருமனாக இருந்தால் அது ஆப்பிரிக்க லவ் பேர்ட். அது கடித்தால் விரலில் ரத்தம் வந்துவிடும், அதனால் கேட்கிறேன்.

மாடித்திண்ணை

வால் நீளம். அப்படியானால் பட்ஜிதான் போலிருக்கிறது. மூன்று வருடமாகப் பெயர் தெரியாமலே வளர்த்திருக்கிறேன்!

கூண்டுக்கார அண்ணன் (கோவை)

சகோதரி, இதற்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். இருபது வருடமாகப் பறவை வளர்க்கிறேன், இப்போது எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பறவையின் முதுகு உங்கள் உள்ளங்கையில் படும்படி எடுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து வர வேண்டும். மற்ற விரல்கள் சும்மா சுற்றி இருக்கட்டும். மறு கையில் குழந்தைகளுக்கான சிறிய நெயில் கட்டர். வளைந்த நுனியை மட்டும் நறுக்குங்கள். எட்டு நகம், இரண்டு நிமிடம், வேலை முடிந்தது. இதற்கு மருத்துவரைத் தேடி ஊர் ஊராக அலைவது வீண் செலவு.

சேலத்துச் சிறகு

அண்ணன் சொல்வது எண்பது பறவை பிடித்த கைக்குச் சரி. முதல் பறவையைப் பிடிக்கும் கைக்குச் சரியில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் காக்கட்டீலுக்கு (கொண்டை உள்ள ஒரு கிளி வகை) நகம் வெட்ட நானும் இப்படித்தான் உட்கார்ந்தேன். ஏதோ காணொளியில் பார்த்த தைரியம். முதல் ஐந்து நகம் அழகாக வந்தது. அந்த அழகில் மயங்கி ஆறாவதைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டேன். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. துடைத்தேன், அடுத்த சொட்டு. ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். உறையத் தொடங்கியதெல்லாம் கழுவிக்கொண்டு போய், நிற்காமல் வந்தது. பிறகு மஞ்சள் தூள், அதுவும் நிற்கவில்லை. என் மாமியார் காபித்தூள் டப்பாவோடு வந்து நின்றார். பறவை என் சட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளி வைத்தபடி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பஞ்சில் சோள மாவை அப்பி நகத்தின் மேல் அழுத்திப் பிடித்தபோதுதான் நின்றது. மாவு நிறுத்தியதா, நான் கடைசியில் அசையாமல் பிடித்ததுதான் நிறுத்தியதா, இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அது என் கைக்கு வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: கத்தரியை எடுக்கும் முன் ரத்தத்தை நிறுத்தும் பொருளை எடுத்துத் திறந்து வையுங்கள். ரத்தம் வந்த பிறகு அலமாரியில் தேடக் கூடாது.

படிகாரம்

சவரக் கடையில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரம் போதாதா? எங்கள் தாத்தா கோழிக்குச் சுண்ணாம்பு வைப்பார்.

ஓய்வுபெற்ற ஊசி (சென்னை)

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரிக் கல்லூரியில் படித்து, அரசு வேலையில் முப்பது வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு பேரனால் பறவைக்கு வந்தவன். சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டு வைத்தியம். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அது தோலைப் பொசுக்கும். காபித்தூளை அந்த மாமியாரிடமிருந்து வாங்கி அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். பறவைக்கு கஃபீன் நஞ்சு. அது காலைக் கொத்திச் சுத்தம் செய்யும் பிராணி, வைத்ததெல்லாம் வயிற்றுக்குள் போகும். படிகாரத்தைப் பொடித்து நக நுனியில் மட்டும் வைக்கலாம். நாய்களுக்கு என்று விற்கும் ரத்தம் நிறுத்தும் பொடி கிடைத்தால் இன்னும் நல்லது. இவை இரண்டும் நகத்துக்குத்தான், கிழிந்த தோலுக்கு அல்ல. ஒன்றும் இல்லையென்றால் சோள மாவு, மைதா எதுவானாலும் சரி. பொடியை ஒரு மூடியில் அழுத்தி நிரப்பி, ரத்தம் வரும் நகத்தை அதற்குள் குத்தி, பிறகு விரலால் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் கசிந்தால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், கணக்கு அப்படி. பறவையின் ரத்தம் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 35 கிராம் பட்ஜி என்றால் மூன்றரை மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். சொட்டுக் கணக்கில் ஆறேழு. ஒரு சொட்டு வந்தால் யாரும் அழ வேண்டாம். பத்துச் சொட்டு வந்தால் அலட்சியம் வேண்டாம்.

அடுத்தது பிடிப்பது. கோவை அண்ணன் சொன்ன பிடி சரியான பிடிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏன் கழுத்தைப் பிடித்துவிட்டு மார்பை விடச் சொல்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சு இழுக்க இருப்பது போன்ற உதரவிதானம் (தசைத் திரை) பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பை இறுக்கினால் மூக்கு திறந்திருந்தாலும் மூச்சு முட்டிச் செத்துவிடும். மூச்சுக்குழாய் முழு வளையங்களால் ஆனது, கழுத்தின் இரு பக்கமும் மெல்லப் பிடிப்பதால் நசுங்காது. புதியவர்கள் செய்யும் தவறு இதுதான்: கழுத்துக்குப் பயந்து உடம்பைப் பிடித்துவிடுகிறார்கள்.

இனி என் கேள்வி. நகம் ஏன் வளர்ந்தது? கூண்டில் உட்காரும் கம்பு என்ன? தீனி என்ன? எல்லா நகமும் நீளமா, ஒன்றிரண்டு மட்டுமா? அலகைப் பார்த்தீர்களா?

மாடித்திண்ணை

டாக்டர் ஐயா, மிகவும் நன்றி. கம்பு கூண்டோடு வந்த பிளாஸ்டிக் குச்சி, இரண்டு. தீனி தினை, எப்போதாவது கொத்தமல்லி. எல்லா நகமும் நீளம். நீங்கள் கேட்ட பிறகு அலகைப் பார்த்தேன், மேலலகு முன்பைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அதில் பழுப்பாக ஒரு சின்னப் புள்ளியும் இருக்கிறது. மஞ்சுவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் நாள் முழுவதும் கம்பியில் ஏறி இறங்குகிறாள், இவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தே இருப்பான்.

நாகர்கோவில் கிளி

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா? நகத்தோடு இறக்கையையும் வெட்டலாமா?

தினைக்கதிர்

கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள நம் ஊர்ப் பச்சைக்கிளியா? அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் வளர்ப்பதே குற்றம். முனியா குருவிகளும் அப்படியே. இறக்கையை வெட்டாதீர்கள், வனத்துறையிடம் பேசி ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள். வெகுநாள் கூண்டில் இருந்ததை ஜன்னலைத் திறந்து விரட்டிவிடுவதும் கொலைதான். இதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், இங்கே நீலனைப் பார்ப்போம்.

ஓய்வுபெற்ற ஊசி

தஞ்சாவூர் சகோதரிக்கு. எடை பார்க்க முடியுமா? சமையலறை மின்தராசில் ஒரு சிறிய டப்பாவை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, அவனை உள்ளே விட்டு மூடி, உடனே எண்ணைப் பாருங்கள். டப்பாவில் காற்றுத் துளை இருக்க வேண்டும்.

மாடித்திண்ணை

47 கிராம். மஞ்சு 36.

ஓய்வுபெற்ற ஊசி

அப்படித்தான் நினைத்தேன். கண்காட்சிக்கு என்று வளர்க்கும் பெரிய ரகம் 50ஐத் தாண்டும், அது வேறு. சாதாரணக் கடை ரகம் முப்பதிலிருந்து நாற்பதுக்குள் இருக்க வேண்டும். நீலன் நன்றாகச் சாப்பிட்டுக் கண்ணாடியில் அழகு பார்க்கும் பண்ணையார் ஆகிவிட்டான்.

வெறும் தானியத்தில் வளரும் பட்ஜிக்கு ஈரலில் கொழுப்பு படிவது மிகச் சாதாரணம். ஈரல் கெட்டால் அலகும் நகமும் தாறுமாறாக வளரும், ரத்தம் கசிந்த மாதிரிக் கரும்புள்ளிகள் தெரியும். நீலனுக்கு அதுதான் என்று நான் படத்தைக்கூடப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அலகை எங்கேயாவது மோதியிருக்கலாம். ஆனால் எடை, அலகு, நகம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இன்னொரு காரணம் செதில் பூச்சி, தோலில் துளைத்து வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி. அது இருந்தால் மூக்கு மேடையிலும் (அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் சதைப் பகுதி) அலகோரத்திலும் காலிலும் சாம்பல் நிறத்தில் தேன்கூடு போலப் பொருக்கு கட்டும். அது இல்லை என்றால் நல்லது.

எனவே நகத்தை வெட்டுங்கள், தப்பில்லை. ஆனால் வெட்டியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வாழைமட்டை

பொருக்கு கட்டினால் தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும் என்று படித்தேன். நகமும் மிருதுவாகுமாம்.

ஓய்வுபெற்ற ஊசி

எண்ணெய் இறகில் பட்டால் இறகு ஒட்டிப் பிசுபிசுக்கும், உடல் சூடு காக்கும் வேலை போய்விடும். பூச்சிக்கு மருந்து உண்டு, எடைக்குத் தகுந்த அளவில் மருத்துவர் கொடுப்பார். நகத்தை எண்ணெய் மிருதுவாக்காது.

கூண்டுக்கார அண்ணன்

டாக்டர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு நகத்துக்கு ஈரல்வரை போய்விட்டோம்! என் பறவைகளும் தினைதான் தின்கின்றன. எண்பதில் வருடத்துக்கு நாலைந்துக்குத்தான் நகம் வெட்ட வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஊசி

அண்ணே, உங்கள் பறவைகள் எதில் உட்காருகின்றன?

கூண்டுக்கார அண்ணன்

கொய்யாக் கிளை, வேப்பங் கிளை. தோட்டத்தில் வெட்டிப் போடுகிறேன். நீளமான பறவைக் கூடம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்துகொண்டே இருக்கும்.

ஓய்வுபெற்ற ஊசி

என் வழக்கை நீங்களே முடித்துவைத்துவிட்டீர்கள்.

கொய்யாக்கிளை (மதுரை)

என் பெயரைச் சொன்னதால் வந்தேன். பிளாஸ்டிக் குச்சி வழுவழுப்பு, எல்லா இடத்திலும் ஒரே பருமன். விரல் ஒரே இடத்தில் அழுந்தும், நகம் எதிலும் உரசாது. மரக்கிளை என்றால் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு, நடுவில் முடிச்சு. பட்டையைக் கொத்துவதில் அலகும் தேயும். சுண்டுவிரல் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமன்வரை கலந்து வையுங்கள். மருந்தடிக்காத மரமாக இருக்க வேண்டும், கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். அரளி பக்கமே போகாதீர்கள், அது விஷம்.

இன்னொன்று. நகம் தேய்வதற்கென்று உப்புத்தாள் சுற்றிய குச்சியைக் கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நானும் வாங்கி ஏமாந்தேன். நகம் தேயவில்லை, உள்ளங்கால்தான் தேய்ந்து சிவந்து புண்ணாகியது. யோசித்துப் பாருங்கள், பறவை குச்சியைப் பிடிக்கும்போது நுனி நகம் குச்சியில் படுவதே இல்லை, பாதம்தான் படுகிறது. சிமெண்ட் மாதிரிச் சொரசொரப்பான குச்சி ஒன்று வேண்டுமானால் தீனிக் கிண்ணத்துக்கு முன்னால் இருக்கட்டும், தூங்கும் இடத்தில் வேண்டாம்.

தினைக்கதிர்

வெட்டுவதைவிடத் தேய்ப்பது எனக்குப் பிடித்த வழி. பெண்கள் நகத்துக்குத் தேய்க்கும் அட்டை இருக்கிறதே, அது போதும். நான் என் பட்ஜியைப் பிடிப்பதே இல்லை. தினைக்கதிர் ஒன்றை இடது கையில் நீட்டுவேன், அது விரலில் ஏறித் தின்னும்போது வலது கையால் அட்டையை நகத்தில் தொட்டு எடுப்பேன். முதல் வாரம் தொடுவது மட்டும்தான். அடுத்த வாரம் ஒரே ஒரு தேய்ப்பு. இப்போது நாளைக்கு ஒரு நகம். கதிர் அந்த நேரத்துக்கு மட்டும்தான், மற்ற நேரத்தில் கண்ணில் காட்டக் கூடாது. ஒன்றரை மாதம் ஆயிற்று, ஆனால் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு கடி இல்லை.

கூண்டுக்கார அண்ணன்

எண்பது பறவைக்கு நாளைக்கு ஒரு நகம் என்றால் எனக்கு இந்தப் பிறவி போதாது.

சேலத்துச் சிறகு

உங்களுக்கு யார் சொன்னார்கள் அண்ணா, இரண்டு பறவை வைத்திருப்பவர்களுக்குத்தான் பேச்சு! ஆனால் மாடித்திண்ணை அக்கா ஒன்றரை மாதம் காத்திருக்க முடியாது, அவன் ஏற்கெனவே ஒருமுறை தொங்கிவிட்டான். இந்த முறை வெட்டிவிட்டு, தேய்க்கப் பழக்குவதை அதன் பிறகு தொடங்கட்டும். கறுப்பு நகத்துக்கு நான் இப்போது செய்வது: கைப்பேசி விளக்கை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் சில நகங்களில் உள்ளே ரத்த நாளம் முடியும் இடம் நிழலாகத் தெரியும். தெரியவில்லை என்றால் ஊசி போன்ற நுனியை மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. அவ்வளவுதான். நீண்ட நகத்தில் நாளமும் நீண்டிருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை எடுத்துவந்தால் அதுவும் மெல்லப் பின்வாங்கும். ஒரே நாளில் அழகாக்க ஆசைப்பட்டுத்தான் நான் கெட்டேன்.

எப்போது போதும் என்று கேட்டால்: பறவை சமதளத்தில் நிற்கும்போது நகம் விரலை மேலே தூக்காமல், விரலின் அடிப்பகுதி தரையில் படிய வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். மறந்துவிடாதீர்கள். கையிலிருந்து நழுவினால் நேரே மேலேதான் போகும்.

மாடித்திண்ணை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

என் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தார். கோழி வளர்த்த கை, பயம் கிடையாது. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன், ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி உட்கார்ந்தோம். குழம்புப் பொடி டப்பா மூடியில் சோள மாவை அழுத்தி வைத்தேன். மெல்லிய பருத்தித் துண்டால் போர்த்தி எடுத்து, அண்ணன் சொன்ன பிடியில் நாத்தனார் பிடித்தார். "மார்பை விடுங்கள், மார்பை விடுங்கள்" என்று நான் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இவனை இட்லிமாவு மாதிரிப் பிசையவா போகிறேன்?" என்றார்.

விளக்கு வைத்துப் பார்த்தேன், நகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நுனி மட்டும் நறுக்கினேன். மூன்று நகம் முடிந்ததும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். உடனே விட்டுவிட்டோம். கூண்டுக்குள் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவன், அரை மணி நேரத்தில் கண்ணாடிக்கு முன்னால் வந்துவிட்டான். மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் இரண்டு. கடைசி நகத்தில் ஒரு சொட்டு வந்தது. என் கை நடுங்கியது, ஆனால் மாவு தயாராக இருந்ததால் அழுத்திப் பிடித்தேன், நின்றுவிட்டது. சேலத்து அக்கா, உங்கள் சட்டைக்கு நன்றி.

பிறகு ஒரத்தநாடு போனோம். அட்டைப் பெட்டியில் துளை போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில். மருத்துவர் வயிற்றில் பஞ்சால் ஈரப்படுத்தி இறகை விலக்கிப் பார்த்தார். கொழுப்பு இருக்கிறது, ஈரல் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்றார். தினையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கீரை, துருவிய கேரட், உருண்டைத் தீனி (பெல்லட்) பழக்கச் சொல்லியிருக்கிறார். ஒரேயடியாகத் தினையை நிறுத்தினால் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று இரண்டு முறை எச்சரித்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி எடை பார்க்க வேண்டும். முருங்கைக்கீரையை மஞ்சு பாய்ந்து தின்கிறாள். நீலன் அதன் மேல் ஏறி மிதித்துவிட்டு இறங்குகிறான்.

ஓய்வுபெற்ற ஊசி

மஞ்சு தின்பதை அவன் பார்க்கும்படி வையுங்கள். பட்ஜிக்குப் பொறாமைதான் பசியைத் தூண்டும். கீரையை ஈரமாகக் கட்டித் தொங்கவிட்டால் குளிக்கப் போகிற சாக்கிலாவது கடிப்பான். எச்சத்தையும் எடையையும் தினமும் கவனியுங்கள்.

மாடித்திண்ணை

சரி ஐயா. பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளை இரண்டு வைத்தேன். முதல் நாள் பாம்பைப் பார்த்த மாதிரி மூலையில் ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பட்டை முழுவதையும் உரித்துத் தரையில் போட்டுவிட்டார்கள். ஒரு கிளையை மஞ்சு நடுவில் பாதி அறுத்தும்விட்டாள். இப்படியானால் எத்தனை நாளைக்கு ஒருமுறை கிளை மாற்றுவது?

கூண்டுக்கார அண்ணன்

அறுத்து முடிக்கும்போது மாற்றுங்கள் சகோதரி. பக்கத்து வீட்டில் கொய்யா மரம் இருந்தால் இப்போதே உறவு வைத்துக்கொள்ளுங்கள்.